மாணவர்கள் செய்த கைத்தடி

(கற்போர் கூட்டத்தில் பேசிய பேச்சு)



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏட்டில் எழுதிய சுரைக்காயை வெட்டிக் குழம்பு வைக்க முடியுமா? முடியாது. கல்லூரிப் படிப்பைப் பற்றியும் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். "நாலு வருடம் எஞ்சினியர் படிப்பு படிக்கிறான். வீட்டில் மின்விசிறி நின்று போனால் பார்க்கத் தெரியவில்லை" என்று அலுத்துக் கொள்கிறார்கள்.

இது முழு உண்மையா? ஏட்டுச் சுரைக்காயைக் கறிச் சுரைக்காய் ஆக்க வழி இல்லையா? வழி இருக்கிறது. டெல்லியில் சில மாணவர்கள் ஒரு கைத்தடிக் கருவியைச் செய்தார்கள். இன்றைய பேச்சு அந்தக் கைத்தடியைப் பற்றியது.

புராஜெக்ட் என்றால் என்ன?

எஞ்சினியரிங் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் கடைசி ஆண்டில் ஒரு வேலை கொடுப்பார்கள். அதற்குப் பெயர் புராஜெக்ட். மூன்று நான்கு மாணவர்கள் ஒன்றாகச் சேர வேண்டும். படித்த படிப்பை வைத்து ஒரு பொருளைச் செய்ய வேண்டும். அது ஒரு கருவியாக இருக்கலாம். கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு கணக்கு முறையாகவும் இருக்கலாம். ஓர் ஆசிரியர் வழிகாட்டுவார். கடைசியில் அறிக்கை எழுதி, புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். தேர்வாளர் வருவார். கேள்வி கேட்பார். மதிப்பெண் போடுவார்.

அதற்குப் பிறகு அந்தப் பொருள் என்ன ஆகும்? பெரும்பாலும் கல்லூரி அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். சில நகரங்களில் புராஜெக்டைச் செய்து விற்கும் கடைகளே இருக்கின்றன. சில மாணவர்கள் பணம் கொடுத்து அங்கே வாங்கி விடுகிறார்கள்.

இதில் யாருக்கு நஷ்டம்? முதல் நஷ்டம் மாணவனுக்கு. அவன் கைத்தொழில் கற்கவில்லை. இரண்டாவது நஷ்டம் கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோருக்கு. மூன்றாவது நஷ்டம் ஊருக்கு. ஊரில் நூறு சிரமங்கள் இருக்கின்றன. படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருவரும் சந்திப்பதே இல்லை.

இன்னொரு வழி உண்டு. மாணவர்கள் கல்லூரிக்கு வெளியே வரலாம். பக்கத்தில் உள்ள ஒருவரிடம் போகலாம். "உங்களுக்கு என்ன சிரமம்?" என்று கேட்கலாம். அந்தச் சிரமத்தையே புராஜெக்டாக எடுக்கலாம். அப்போது வேலை வாங்குபவர் ஆசிரியர் மட்டும் அல்ல. அந்தச் சிரமம் உள்ளவரும் வேலை வாங்குகிறார். டெல்லி மாணவர்கள் இப்படித்தான் செய்தார்கள்.

டெல்லியில் நடந்தது

டெல்லியின் தெற்குப் பகுதியில் ஐ.ஐ.டி. என்னும் பெரிய தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே எம். பாலகிருஷ்ணன் என்னும் பேராசிரியர் கம்ப்யூட்டர் துறையில் பாடம் நடத்தினார். 2005-ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய மாணவர்கள் சிலர் புராஜெக்ட் செய்யப் பொருள் தேடினார்கள். ரோஹன் பால் என்னும் மாணவர் அவர்களில் ஒருவர்.

கல்லூரியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் தேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. மாணவர்கள் அங்கே போனார்கள். கண் பார்வை இல்லாதவர்களிடம் பேசினார்கள். அன்றாடம் எதில் சிரமப்படுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். இரண்டு சிரமங்கள் மாணவர்கள் மனதில் பதிந்தன.

ஒன்று, நடக்கும்போது முழங்காலுக்கு மேலே வந்து இடிக்கும் பொருள்கள்.

இரண்டு, பேருந்து நிலையத்தில் வந்து நிற்கும் பேருந்து எந்த எண் என்று தெரியாமல் போவது.

இந்த இரண்டும் எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதி இருக்கவில்லை. கண் உள்ளவர்களுக்கு இவை தோன்றுவதும் இல்லை. கேட்டதால்தான் தெரிந்தது. மாணவர்கள் இரண்டுக்குமே வழி தேடினார்கள். இங்கே முதல் சிரமத்தை மட்டும் பார்ப்போம்.

வெள்ளைக் கைத்தடி சொல்வதும் சொல்லாததும்

கண் பார்வை இல்லாதவர்கள் வெள்ளைக் கைத்தடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வலமும் இடமும் மாறி மாறித் தரையில் தொட்டுக் கொண்டு நடப்பார்கள். மேடு, பள்ளம், படி, கல், சாக்கடை எல்லாவற்றையும் கைத்தடி சொல்லிவிடும். விலை குறைவு. மடித்துப் பையில் வைக்கலாம். பழுது பார்க்க ஒன்றும் இல்லை. மிக நல்ல கருவி அது.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. தடி தரையை மட்டுமே தொடும். முழங்காலுக்கு மேலே இருப்பதை அது சொல்லாது.

நம் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரு லாரி நிற்கிறது. அதன் பின்பக்கம் வெளியே நீட்டிக் கொண்டிருக்கிறது. கீழே காலி இடம். கைத்தடி அந்தக் காலி இடத்துக்குள் போய்விடும். "வழி இருக்கிறது" என்று சொல்லும். நடப்பவரின் நெஞ்சு போய் லாரியில் மோதும்.

திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்ந்து தொங்கும் மரக்கிளை, வண்டியில் ஏற்றிய மூங்கில் ஆகியவையும் இப்படித்தான். முகத்தில் அடிபடும். தலையில் அடிபடும். மாடும் நாயும் படுத்திருக்கும் தெருவில் தடி அவற்றின் மேல் பட்டால், அது வேறு ஆபத்து.

இரண்டு முறை முகத்தில் அடிபட்டவர் மூன்றாவது முறை வெளியே போக அஞ்சுவார். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போனால்தான் போவார். கூட்டிப் போக ஆள் இல்லாவிட்டால் வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி பார்வைக் குறை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். சிரமம் எவ்வளவு பெரியது என்று இதிலிருந்து தெரிந்து கொள்ளலாம்.

வவ்வால் காட்டிய வழி

இருட்டில் வவ்வால் எதன் மேலும் மோதாமல் பறக்கிறது. எப்படி? அது ஓர் ஒலியை எழுப்புகிறது. அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. ஒலி போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வவ்வால் தெரிந்து கொள்கிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வருவதைக் கேட்டிருப்பீர்கள். அதே சங்கதிதான்.

மாணவர்கள் இதே வழியைப் பிடித்தார்கள். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும் சிறு கருவி ஒன்றைக் கைத்தடியில் பொருத்தினார்கள். ஒலி முன்னால் போகும். எதன் மேலாவது பட்டால் திரும்பி வரும். கருவி நேரத்தைக் கணக்கிடும்.

கணக்கைப் பாருங்கள். காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 3 மீட்டர் தூரத்தில் ஒரு லாரி நிற்கிறது. ஒலி போக 3 மீட்டர், வர 3 மீட்டர், ஆக 6 மீட்டர். ஒரு நொடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் சுமார் 18 பங்கு நேரத்தில் ஒலி திரும்பி வந்துவிடும். அவ்வளவு சிறு நேரத்தையும் கருவி அளந்துவிடும்.

சரி, தடை இருக்கிறது என்பதை நடப்பவருக்கு எப்படிச் சொல்வது? மணி அடிக்கலாமா? பேசலாமா? பார்வை இல்லாதவருக்குக் காதுதான் துணை. பின்னால் பேருந்து வருவதும், பக்கத்தில் சைக்கிள் வருவதும் காதால்தான் தெரியும். கருவி ஓயாமல் சத்தம் போட்டால் அந்தத் துணையும் போய்விடும். ஆகவே கைப்பிடி அதிரும்படி செய்தார்கள். கைபேசி அதிருவது போல அது அதிரும். தடை நெருங்க நெருங்க அதிர்வின் விதம் மாறும். கை உணரும். காது தன் வேலையைப் பார்க்கும்.

மதிப்பெண் வந்தது, வேலை முடியவில்லை

புராஜெக்ட் செய்தாகிவிட்டது. தேர்வும் முடிந்துவிட்டது. மற்ற மாணவர்களாக இருந்தால் அத்துடன் அலமாரியைப் பூட்டி இருப்பார்கள்.

இங்கே பூட்ட முடியவில்லை. ஏன்? வெளியே ஒருவர் காத்திருந்தார். கைத்தடி கேட்டவர்கள் அறிக்கையைக் கேட்கவில்லை. கையில் பிடித்து நடக்க ஒரு பொருளைத்தான் கேட்டார்கள்.

மேசை மேல் வேலை செய்வது ஒன்று. தெருவில் வேலை செய்வது வேறு. மேசையில் யாரும் எழுப்பாத கேள்விகளைத் தெரு எழுப்பும்.

கைத்தடியை எல்லோரும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. ஆளுக்கு ஆள் பிடி மாறும். எப்படிப் பிடித்தாலும் கருவி முன்னால் பார்க்குமா?

நாள் முழுவதும் ஆட்டிக் கொண்டே நடக்க வேண்டும். கனம் கூடினால் மணிக்கட்டு வலிக்காதா?

கை தவறிக் கீழே விழும். உடையாமல் இருக்குமா?

மின்கலம் தீர்ந்து போனால் எப்படித் தெரியும்? கண் இல்லாதவர் அதற்குத் தானே மின்சாரம் ஏற்ற முடியுமா?

வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் எல்லாமே பக்கத்தில் இருக்கும். அங்கே கருவி ஓயாமல் அதிர்ந்து கொண்டே இருந்தால் என்ன செய்வது?

பழைய கைத்தடியைத் தூக்கி எறிய வேண்டுமா? அல்லது அதிலேயே பொருத்தலாமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை வகுப்பறையில் இல்லை. நடந்து பார்ப்பவர்களிடம்தான் இருந்தது. ஆகவே செய்வதும், பார்வை இல்லாதவர்களிடம் கொடுத்துப் பார்ப்பதும், திருத்துவதும் தொடர்ந்து நடந்தன.

பார்வை இல்லாதவரான தீபேந்திர மனோச்சா இந்த முயற்சியில் பங்கு கொண்டார். அவர் சக்ஷம் என்னும் அறக்கட்டளையைச் சேர்ந்தவர். பார்வையற்றோரின் படிப்புக்காக உழைத்து வருபவர். இதைக் கவனியுங்கள். உதவி பெறும் ஆளாக அவர் ஓரமாக உட்காரவில்லை. வேலை செய்பவர்களில் ஒருவராக இருந்தார்.

ஒன்பது ஆண்டுகள்

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இந்த அம்மி நகர ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆயின.

முதலில் செய்த மாணவர்கள் படிப்பு முடிந்து போனார்கள். புதிய மாணவர்கள் வந்தார்கள். பேராசிரியர் பாலகிருஷ்ணன் விடவில்லை. எந்திரத் துறையிலிருந்து பேராசிரியர் பி.வி.எம். ராவ் சேர்ந்து கொண்டார். 2007-ஆம் ஆண்டு இந்தக் கைத்தடியைப் பற்றிய கட்டுரை வெளிநாட்டு மாநாடு ஒன்றில் வெளியாயிற்று. கட்டுரை வந்த பிறகும் வேலை முடியவில்லை.

ஒரு பொருளைச் செய்வது மாணவர் வேலை. ஆயிரம் பொருள் செய்வது தொழிற்சாலை வேலை. அதற்குப் பணம் வேண்டும். அச்சு வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். விற்ற பிறகு பழுது பார்க்க ஆள் வேண்டும். இங்கிலாந்தில் உள்ள வெல்கம் அறக்கட்டளை பண உதவி செய்தது. கருவியைத் தயாரிக்க முன்வந்தது நம் சென்னையில் உள்ள ஒரு நிறுவனம். அதன் பெயர் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். பச்சிளம் குழந்தைகளுக்கான மருத்துவக் கருவிகளைச் செய்யும் நிறுவனம் அது.

2014-ஆம் ஆண்டு கருவி விற்பனைக்கு வந்தது. பெயர் ஸ்மார்ட்கேன். அப்போது விலை சுமார் 3,000 ரூபாய். இதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுக் கருவிகளின் விலை பல பத்தாயிரம் ரூபாய்.

மேலே கேட்ட கேள்விகளுக்குக் கருவியிலேயே விடை இருக்கிறது. அது மடக்குக் கைத்தடியின் மேல் முனையில் கைப்பிடியாகப் பொருந்தும். வேண்டும்போது கழற்றலாம். பல விதமாகப் பிடிக்கலாம். கைபேசி போல மின்சாரம் ஏற்றிக் கொள்ளலாம். தூரத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு. தெருவில் 3 மீட்டர் வரை பார்க்கும். வீட்டுக்குள் அதைக் குறைத்து 1.8 மீட்டர் ஆக்கிக் கொள்ளலாம்.

குறையே இல்லையா? உண்டு. பள்ளத்தை அந்தக் கருவி சொல்லாது. அதைக் கைத்தடியின் முனைதான் சொல்ல வேண்டும். முன்னால் இருப்பது மாடா, மரமா என்றும் சொல்லாது. பழக்கம் இல்லாமல் எடுத்த உடனே பயன்படுத்தவும் முடியாது. பயிற்சி வேண்டும். ஆனாலும் லாரியின் பின்பக்கத்தில் முகம் மோதாமல் தப்பலாம். படுத்திருக்கும் மாட்டைத் தொடாமல் சுற்றிப் போகலாம். நாட்டின் பல பகுதிகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இதைக் கையில் பிடித்து நடந்திருக்கிறார்கள்.

வேலை எப்போது முடிந்தது என்று சொல்லலாம்? மதிப்பெண் வந்த அன்றா? கட்டுரை வந்த அன்றா? இரண்டும் இல்லை. கேட்டவர் மாணவர் துணை இல்லாமல் தானாகத் தெருவில் நடந்தாரே, அன்றுதான் வேலை முடிந்தது.

நம் ஊரில் இது நடக்குமா?

"அது ஐ.ஐ.டி. பெரிய இடம். நமக்கு எங்கே?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்க வேண்டாம். எல்லா புராஜெக்டும் ஒன்பது ஆண்டு எடுக்காது. தொழிற்சாலையும் தேவைப்படாது. இன்று பல ஊர்களுக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கோ எஞ்சினியரிங் கல்லூரியோ இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே கடைசி ஆண்டு மாணவர்கள் புராஜெக்டுக்குப் பொருள் தேடுகிறார்கள். அவர்களுக்குப் பொருள் வேண்டும். நமக்குத் தீர்வு வேண்டும்.

ஒரு பால் சங்கம் என்று வைத்துக் கொள்வோம். காலையும் மாலையும் உறுப்பினர்கள் பால் கொண்டு வருகிறார்கள். அளக்க வேண்டும். கொழுப்புச் சத்தைச் சோதிக்க வேண்டும். அதை வைத்து விலை போட வேண்டும். உறுப்பினர் அட்டையில் எழுத வேண்டும். பேரேட்டிலும் எழுத வேண்டும். கூட்டல் தவறினால் யாரோ ஒருவருக்குப் பணம் குறையும். சண்டை வரும். இது ஒரு நல்ல புராஜெக்ட்.

சங்கத் தலைவர் கல்லூரிக்குப் போய், "எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் செய்து கொடுங்கள்" என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைச் செய்து கொடுப்பார்கள். மாறாக இப்படிக் கேட்கலாம்: "மாலையில் கணக்கு எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. கூட்டலில் தவறு வருகிறது. எங்கள் எழுத்தர் தமிழ் மட்டும் படிப்பவர். அடிக்கடி மின்சாரம் போகும். நீங்கள் ஒரு மாலை வந்து பாருங்கள்."

எது நல்ல கேள்வி? இரண்டாவதுதான். என்ன கருவி வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. என்ன சிரமம் என்று சொன்னால் போதும். சிரமத்தை நம்மை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கருவியைத் தேடுவது அவர்கள் படிப்பு.

மாணவர்களுக்கும் சில சங்கடங்கள் உண்டு. அவர்களுக்குத் தேர்வு இருக்கிறது. சில மாத நேரம்தான் இருக்கிறது. ஆகவே ஒரு சிறு வேலையைக் கேளுங்கள். பத்து வேலை கேட்டால் ஒன்றும் முடியாது. பொருள் வாங்கும் செலவை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். அவர்கள் வந்தால் நேரம் ஒதுக்கிப் பேசுங்கள். "நாளைக்கு வா" என்று நாலு முறை திருப்பி அனுப்பினால் அவர்கள் கடையில் போய் புராஜெக்ட் வாங்கி விடுவார்கள்.

இன்னொன்று. பாதி வேலை ஆனதும் வாங்கிப் பயன்படுத்திப் பாருங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். எழுத்து சிறியதாக இருந்தால் அப்போதே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். "படித்த பிள்ளைகள் செய்தது, நாம் எப்படிக் குறை சொல்வது?" என்று கூச்சப்பட வேண்டாம். டெல்லியில் பார்வை இல்லாதவர்கள் கூச்சப்பட்டிருந்தால் அந்தக் கைத்தடி வந்திருக்காது.

காகிதத்தில் எழுதுங்கள்

வாய்ப் பேச்சு காற்றோடு போகும். பேசியதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய பத்திரம் தேவையில்லை. ஒரு பக்கம் போதும். பால் சங்கத்துக்கு இப்படி எழுதலாம்:

எங்கள் சிரமம்: மாலைப் பால் கணக்கு எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது. கூட்டலில் தவறு வருகிறது.

மாணவர்கள் செய்து தருவது: தமிழில் பால் கணக்கு எழுதும் முறை.

முதல் முறை கொண்டு வந்து காட்டும் நாள்: ............

பொருள் செலவு: ............ ரூபாய். கொடுப்பவர்: சங்கம்.

எழுத்தருக்குக் கற்றுக் கொடுக்க வரும் நாட்கள்: ............

மாணவர்கள் போன பிறகு பழுது வந்தால் பார்ப்பவர்: ............

வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம்: மாணவர் துணை இல்லாமல் எழுத்தர் தாமே 15 நாள் கணக்கு எழுத வேண்டும். கூட்டலில் தவறு வரக் கூடாது.

கடைசி வரியைப் பாருங்கள். அதுதான் முக்கியம். வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது? தொடங்கும் போதே அதை எழுதி விட்டால் பிறகு தகராறு இல்லை. மாணவர்களுக்கும் அது நல்லது. எதை நோக்கி நடக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியும்.

சங்க உறுப்பினர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண் ஆகியவை கருவிக்குள் போகும். அவற்றை வெளியில் கொடுக்கக் கூடாது என்றும் ஒரு வரி எழுதுங்கள். கருவியைத் திறக்கும் ரகசியச் சொல்லைக் கேட்டு வாங்கி வையுங்கள். மாணவர் வெளியூர் போன பிறகு அந்தச் சொல் தெரியாவிட்டால், பூட்டிய வீட்டுக்குச் சாவி இல்லாத கதை ஆகிவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

படிப்பு முடியும் நேரத்தில் மாணவர்கள் ஒரு கடிதம் கேட்பார்கள். "இந்த மாணவர்கள் எங்களுக்கு வேலை செய்து முடித்தார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கல்லூரியில் அதைக் காட்டுவார்கள். பல நேரம் கடிதத்தை அவர்களே அச்சடித்துக் கொண்டு வருவார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும்.

முன்பு என்றால் கைநாட்டு வைத்துக் கொடுத்திருப்போம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். முதலில் படியுங்கள். ஆங்கிலம் என்றால் தமிழில் எழுதி வரச் சொல்லுங்கள். பிறகு பழைய தாளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15 நாள் கணக்கு எழுதியாயிற்றா? ஆயிற்று என்றால் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுங்கள். ஒரு பாராட்டு வரியும் சேருங்கள். வேலை தேடும்போது அந்தக் கடிதம் அவர்களுக்கு உதவும்.

வேலை பாதிதான் முடிந்திருக்கிறது என்றால் என்ன செய்வது? "கடிதம் கிடையாது" என்று விரட்ட வேண்டாம். அவர்கள் படிப்பு கெடும். "எல்லாம் முடிந்தது" என்று பொய்யும் எழுத வேண்டாம். முடிந்தது எது, மீதி எது என்று இரண்டையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அந்தக் கடிதத்தைப் படித்து மீதியைச் செய்வார்கள். டெல்லியில் ஒரு குழு விட்ட இடத்திலிருந்து இன்னொரு குழு தொடர்ந்ததைப் பார்த்தோம். உண்மையாக எழுதிய கடிதம் அதற்கு வழி காட்டும்.

நண்பர்களே, படித்தவர் செய்வார், படிக்காதவர் வாங்கிக் கொள்வார் என்பது பழைய வழக்கம். நல்ல கருவி அப்படி உருவாகாது. செய்பவருக்கு வித்தை தெரியும். கேட்பவருக்குச் சிரமம் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த மேசையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. நம் சிரமத்தை எடுத்துச் சொல்லவும், எழுதி வைக்கவும், வந்த கடிதத்தைப் படித்துப் பார்க்கவும் நாம் கற்றிருக்கிறோம். கற்றதைப் பயன்படுத்துவோம்.



கூடிப் பேசுங்கள்

1. வெள்ளைக் கைத்தடி எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது?

2. கருவி ஏன் சத்தம் போடாமல் அதிர்கிறது?

3. மாணவர்களின் வேலை எப்போது முடிந்தது என்று சொல்லலாம்? ஏன்?

4. உங்கள் ஊரில் மாணவர்களிடம் சொல்லக் கூடிய சிரமம் ஒன்றை மூன்று வரிகளில் எழுதுங்கள். அந்த வேலை முடிந்ததற்கு அடையாளம் என்ன என்றும் ஒரு வரி எழுதுங்கள்.